திரையில் நிற்கிற கட்டடம்

லெகோ கட்டைகளால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தைக் கணினியில் வடிவமைத்து முடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பொறுமை இருந்தால் போதும். அந்தக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிஜக் கட்டைகளை அடுக்க உட்காரும்போதுதான் சிரமம் ஆரம்பிக்கிறது. திரையில் கச்சிதமாக நின்ற பால்கனி கையில் தொங்குகிறது. இரண்டாம் மாடியைத் தூக்கினால் முதல் மாடிச் சுவரில் பாதி கூடவே வருகிறது. ஜன்னலுக்கு மேலே வைத்த வளைவுக் கட்டை அந்த நிறத்தில் இதுவரை தயாரிக்கப்பட்டதே இல்லை என்று தெரியவருகிறது. இதில் எதிலும் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. கேட்டதையெல்லாம் அது கொடுத்தது, அவ்வளவுதான்.

திரையில் கட்டைக்குப் பஞ்சமில்லை, எடை என்று ஒன்று கிடையாது, இடுக்கில் நுழைய வேண்டிய விரலும் கிடையாது. இவை எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டியது நம் பாடு. மென்பொருள் அனுமதிக்கிற எத்தனையோ விஷயங்களில் எதை வேண்டாம் என்று ஒதுக்குவது என்பதைக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்தக் கலையில் அதிக நாள் பிடிக்கிறது. பட்டன்களைப் பழகுவது ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

மாடி மாடியாகப் பிரித்து எடுக்கவும் பக்கத்துக் கட்டடத்தோடு சேர்த்து நிறுத்தவும் முடிகிற இந்த மாதிரி லெகோ கட்டடத்தை மாடுலர் என்பார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2007-இல் லெகோ நிறுவனம் ‘கஃபே கார்னர்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. எண் 10182, துண்டுகள் 2056, வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட். அதற்கு முன் வந்த லெகோ வீடுகள் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும். குழந்தைகள் கைவிட்டு விளையாட வசதியாகப் பின்பக்கம் திறந்து கிடக்கும். கஃபே கார்னரில் நாலு பக்கமும் சுவர். ஒவ்வொரு மாடியையும் தனித்தனியாகத் தூக்கி எடுக்கலாம். அதே ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த லெகோ ரசிகர் எரிக் புரோக் வடிவமைத்த ‘மார்க்கெட் ஸ்ட்ரீட்’ வந்தது. பிறகு கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தொடர் வளர்ந்து, 2017-இல் பத்தாம் ஆண்டுக்காக வந்த ‘அசெம்பிளி ஸ்கொயர்’ 4002 துண்டுகளைத் தொட்டது.

துண்டுகளின் எண்ணிக்கையால் மட்டும் ஒரு கட்டடம் மாடுலர் ஆகிவிடாது. அதற்குச் சில எழுதாத விதிகள் உண்டு. அடித்தட்டு 32-க்கு 32 குமிழ். கட்டையின் தலையில் இருக்கும் ஸ்டட்டைத்தான் குமிழ் என்கிறேன். முன்னால் டைல், அதாவது தலையில் குமிழ் இல்லாத வழவழப்பான மெல்லிய துண்டு, போட்ட நடைபாதை. பக்கச் சுவர் அடித்தட்டின் ஓரத்தோடு நின்றுவிட வேண்டும், அரைக் குமிழ்கூட வெளியே நீளக் கூடாது, ஏனென்றால் பக்கத்துக் கட்டடம் அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கப்போகிறது. அடிவரிசையில் குறிப்பிட்ட இடத்தில் ஓட்டையுள்ள டெக்னிக் கட்டைகள் இருக்கும். இரண்டு கட்டடங்களின் ஓட்டைகளும் நேருக்கு நேர் வரும்போது நடுவில் ஒரு பின்னைச் செருகினால் தெரு உருவாகிவிடும். யார் எந்த ஊரில் வடிவமைத்திருந்தாலும் சேர்ந்து நிற்கும் என்பதுதான் இதன் அழகு. 2011-இல் வந்த ‘பெட் ஷாப்’ இந்த 32-ஐ இரண்டாகப் பிரித்து, 16 குமிழ் அகலத்தில் இரண்டு ஒல்லிக் கட்டடங்களைக் கொடுத்தது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் அந்த அளவைத்தான் சொல்வேன். பாதித் துண்டுகளில் முடிந்துவிடும், தவறுகளும் பாதிதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம், கூட்டல் பெருக்கல்தான்.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் உள்ள இடைவெளி 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ.; அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. அகலமும் உயரமும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒட்ட நினைக்கும்போது இது தலைவலியாக மாறும். ஆனால் ஐந்து பிளேட்டின் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழின் அகலமும் 16 மி.மீ. இந்த ஒரு சமன்பாட்டின் மேல்தான் நுணுக்கமான முகப்புகள் எல்லாம் நிற்கின்றன. குமிழ் வானத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கும்படி கட்டுவதை ரசிகர்கள் ‘ஸ்னாட்’ என்பார்கள். ஜன்னல் ஓரச் செதுக்கல், பெயர்ப்பலகை, தூண்களின் மேல் வரும் பட்டைகள் எல்லாம் இப்படிப் பக்கவாட்டில் கட்டப்பட்டவையே. ஐந்து பிளேட்டுக்கு இரண்டு குமிழ் என்பது மனப்பாடம் ஆகாதவரை அந்த வேலையில் இறங்கினால் எங்காவது ஒரு பிளேட் இடைவெளி பல்லிளிக்கும்.

இங்கே ஒரு சின்ன ரகசியம். நிஜக் கட்டையின் அகலம் முழு 8 மி.மீ. கிடையாது. ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. குறைத்து 7.8-ஆகத்தான் வார்க்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது உரசிக்கொள்ளாமல் இருக்க அந்த மூச்சுவிடும் இடம் வேண்டும். அதனால் இரண்டு குமிழ் அகலத்துக்கு விட்ட சந்து உண்மையில் 16.2 மி.மீ. இருக்கும், அதில் ஐந்து பிளேட் சிரமமில்லாமல் உட்காரும். பல மென்பொருள்களில் உள்ள கட்டைகளோ முழு 8 மி.மீ.க்கு வரையப்பட்டவை. திரையில் ஒட்டிக்கொண்டு தெரிகிற சந்தில் நிஜத்தில் கொஞ்சம் இடம் இருக்கும். இந்த விஷயத்தில் மட்டும் நிஜம் திரையைவிட தாராளமாக நடந்துகொள்கிறது.

இந்த அளவுகளை முதன்முதலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கணினி மொழியாக மாற்றியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன். 1995-இல் அவர் எழுதிய எல்டிரா இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அவர் 1997-இலேயே இளம் வயதில் இறந்துபோனார். எல்டிராவில் நீளத்தை அளக்கத் தனி அலகு ஒன்று உண்டு, ஓர் அலகு 0.4 மி.மீ. அந்தக் கணக்கில் கட்டையின் அகலம் 20, உயரம் 24, பிளேட்டின் உயரம் 8, குமிழின் விட்டம் 12. தசமப் புள்ளி எங்கேயுமே தலைகாட்டாது. 3.2, 9.6 என்று திணறிக்கொண்டிருந்த கணக்கை முழு எண்களாக மாற்றிய அந்த ஒரு முடிவுதான் எல்டிரா இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்டிரா கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரி. அந்த வரியில் நிறத்தின் எண், கட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூன்று எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் ஒன்பது எண்கள், கடைசியில் துண்டின் பெயர். சிவப்புக்கு 4, இரண்டுக்கு நான்கு கட்டைக்கு 3001. இதில் ஒரு வேடிக்கை, மேலே போவதற்குக் கழித்தல் குறி போட வேண்டும். பத்துக் கட்டை உயரத்தில் இருக்கும் மாடி −240-இல் இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் வீட்டைத் தரைக்கடியில் கட்டிவிட்டோமோ என்று குழம்புவார்கள். ஆனால் இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இன்றைக்கும் எந்த மென்பொருளில் வரைந்ததையும் பெரும்பாலும் இன்னொன்றில் திறக்க முடிகிறது. எம்எல்கேட், லியோகேட் போன்ற இலவசக் கருவிகள் எல்லாம் இந்த மொழியின் மேல் எழுந்தவைதான்.

லெகோ நிறுவனம் கொடுத்த ‘லெகோ டிஜிட்டல் டிசைனர்’ வேறு மாதிரியான ஆள். எல்டிரா வழிக் கருவிகளில் ஒரு கட்டையை இன்னொரு கட்டைக்குள் பாதி புதைத்து வைத்தாலும் கேள்வி கேட்காது. டிஜிட்டல் டிசைனர் விடவே விடாது. குமிழும் குழியும் சேர்கிற இடம் இருந்தால்தான் கட்டையைக் கீழே வைக்கும். வரைந்ததை அப்படியே பெட்டியில் போட்டு வாங்கிக்கொள்ளும் சேவையும் சில ஆண்டுகள் இருந்தது, 2012-இல் அது நின்றுபோனது. 2022-இல் மென்பொருளுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது பிரிக்லிங்க்கின் ‘ஸ்டூடியோ’. பிரிக்லிங்க் 2000-இல் தொடங்கிய லெகோ துண்டுச் சந்தை. உலகம் முழுவதும் உள்ள விற்பனையாளர்கள் தனித்தனித் துண்டுகளை அதில் விற்கிறார்கள். 2019-இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. ஸ்டூடியோவின் துண்டுகள் எல்டிரா நூலகத்திலிருந்து வருகின்றன. குணத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே நிற்கிறது: ஒரு கட்டை இன்னொன்றுக்குள் புதைகிறதா என்று பார்க்கும் மோதல் சோதனை உண்டு, ஆனால் வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். நிறுவவே விருப்பமில்லாதவர்களுக்கு உலாவியில் ஓடும் மெக்காபிரிக்ஸ் இருக்கிறது. எதில் வேலை செய்வது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். துண்டு வாங்கும் உத்தேசம் இருந்தால் ஸ்டூடியோ வசதி, ஏனென்றால் பட்டியலை அப்படியே சந்தைக்கு அனுப்பிவிடலாம்.

அந்த மோதல் சோதனையை அணைக்கும் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. சில நேரம் அது தேவைப்படும். சாய்வான கூரையிலோ கொடிகளிலோ மென்பொருள் வீணாகப் பதறும், அப்போது அணைக்கலாம். ஆனால் அணைத்ததை மறந்துவிட்டு இரண்டு மணி நேரம் வேலை செய்தவர் கோப்பைத் திரும்பப் பார்ப்பது, இருட்டில் கழுவிய பாத்திரத்தைக் காலையில் பார்ப்பது மாதிரி.

சரி, கட்டடத்தை எங்கே ஆரம்பிப்பது? பலரும் தரையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நடைபாதையின் டைல் வேலைப்பாட்டிலேயே முதல் மாலை போய்விடும். என் பங்குக்கு நான் சொல்வது, ஜன்னலில் ஆரம்பியுங்கள். சுவரின் அகலத்தை நம் விருப்பத்துக்கு மாற்றலாம், ஜன்னல் சட்டம் சில குறிப்பிட்ட அளவுகளில்தான் கிடைக்கும். ஒரு ஜன்னலை அதன் ஓரங்கள், மேல் வளைவு, கீழ்த்திட்டு எல்லாம் சேர்த்து ஒரு தனித் துணை மாதிரியாக, அதாவது மென்பொருள் ஒரே துண்டுபோலக் கையாளும் தொகுதியாக, செய்து முடியுங்கள். அதை நகலெடுத்து வரிசையாக வைத்தால் முகப்பின் தாளம் பிடிபட்டுவிடும். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்படி வைத்துக்கொள்ள முடிவது கணினி தருகிற மிகப் பெரிய சலுகை. நிஜக் கட்டையில் எட்டு ஜன்னலை மாற்றினால் எட்டு முறை பிரித்துக் கட்ட வேண்டும்.

அங்கேயே ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சிக்கல் வந்து நிற்கும். அடித்தட்டு 32, இரட்டைப்படை. நடுவில் ஒரு குமிழ் அகலத் தூண் வேண்டும் என்றால் சமமாகப் பிரிக்க முடியாது, ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 16 வரும். தூணை இரண்டு குமிழாகத் தடிக்கவைக்கலாம். இல்லையென்றால் ஜம்பர் பிளேட். இரண்டு குமிழ் நீளமுள்ள பிளேட்டில் நடுவே ஒரே ஒரு குமிழ் இருக்கும், அதன் மேல் வைப்பது அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ., நகர்ந்து நிற்கும். சமச்சீரான முகப்புள்ள எந்தக் கட்டடத்தைப் பிரித்துப் பார்த்தாலும் எங்காவது ஒரு வரிசை ஜம்பர் ஒளிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். திரையில் இந்த அரைக் குமிழ் நகர்வைச் செய்யும்போது ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜம்பரில் பாதிக் குமிழ்கள்தான் இருக்கின்றன, அதனால் பிடிப்பும் பாதிதான். மேலே இரண்டு மாடி வரப்போகிற சுவரை முழுக்க ஜம்பர் மேல் நிறுத்தினால் தள்ளாடும்.

அளவு விகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். 1978-இல் வந்த மினிஃபிகர் பொம்மை சுமார் 4 செ.மீ. உயரம். அதை 1.7 மீட்டர் மனிதன் என்று வைத்துக்கொண்டால் விகிதம் ஏறத்தாழ 1:42. அந்தக் கணக்கில் 32 குமிழ் அடித்தட்டின் 25.6 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 10.7 மீட்டர் அகலமுள்ள மனை. நகரத்துக் கட்டடத்துக்குப் பொருத்தமான அகலம். எட்டுக் கட்டை உயரமுள்ள மாடி 76.8 மி.மீ., அதாவது 3.2 மீட்டர். இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பொம்மையின் இடுப்பு 16 மி.மீ. அகலம், அதே விகிதத்தில் 67 செ.மீ.! உயரத்தில் மனிதன், அகலத்தில் பீப்பாய். அதனால் நிஜக் கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 42-ஆல் வகுத்தால், கதவில் பொம்மை சிக்கிக்கொள்ளும், நாற்காலியில் உட்கார முடியாது. கதவையும் சாமான்களையும் பொம்மையின் அகலத்துக்கும், மாடிகளை அதன் உயரத்துக்கும் வைத்துக்கொண்டு, முகப்பைக் கண்ணுக்கு விட்டுவிடுவதுதான் நடைமுறை.

படிக்கட்டு இந்தக் கணக்கின் வில்லன். இரண்டு குமிழ் முன்னே போனால் ஒரு கட்டை உயரம் ஏறுகிற படி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கட்டை ஏற 16 குமிழ் நீளம் வேண்டும். அது மொத்த அகலத்தில் பாதி. மேல் மாடியின் தரையிலும் அதே அளவுக்கு ஓட்டை விட வேண்டும். நடைபாதை போக மீதியிருக்கிற இடத்தில் இதை வைத்தால் அறை எங்கே வைப்பது? அதனால்தான் பலர் திரும்பிப் போகும் படி வைக்கிறார்கள், அல்லது வெளிச்சுவரில் இரும்பு ஏணியைத் தொங்கவிடுகிறார்கள். படிக்கட்டே இல்லாத கட்டடங்களும் உண்டு. அங்கே குடியிருக்கிற பொம்மைகள் எப்படி மேலே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

இனி, திரை சொல்லாத விஷயங்கள். முதலாவது, சுவரின் இணைப்பு. கொத்தனார் செங்கல்லை எப்படி அடுக்குகிறார்? ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் நடு வரும்படி. லெகோவிலும் அதேதான். கணினியில் ஒரு ஜன்னல் துணை மாதிரியை நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது, இரண்டு நகல்களுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு பிளவு உருவாகும். படத்தில் அது தெரியவே தெரியாது, ஒரே நிறச் சுவர் மாதிரித்தான் இருக்கும். கையில் எடுத்தால் சுவர் புத்தகம் மாதிரித் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, ஒவ்வொரு துணை மாதிரிக்கும் தற்காலிகமாகக் கண்ணில் அடிக்கிற ஒரு நிறத்தைக் கொடுங்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று. பிளவு எங்கே ஓடுகிறது என்று உடனே தெரியும். அப்புறம் சில வரிசைகளில் இரண்டு நகல்களையும் தாண்டிப் போகிற நீளக் கட்டையைப் போட்டுக் கட்டிவிடலாம். ஸ்டூடியோவில் நிலைத்தன்மையைச் சோதிக்கும் வசதி உண்டு. எங்கேயும் பிடிக்காமல் மிதக்கிற துண்டுகளைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் பிடித்திருக்கிறது என்பதும் உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றில்லை.

தரையும் அப்படித்தான். மாடியைத் தூக்கும்போது முழு எடையும் தரைப் பிளேட்டுகளில் தொங்கும். பெரிய பிளேட்டுகளைப் பரப்பி, அவற்றின் இணைப்புகளுக்குக் குறுக்கே இன்னொரு அடுக்குப் போட வேண்டும். கீழ் மாடிச் சுவரின் தலையில் முழுக்கக் குமிழ் விட்டால் மேல் மாடி விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எது வரும் எது தங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சுவரின் தலையை டைல் போட்டு வழவழப்பாக்கி, மூலைக்கு ஒன்றிரண்டு குமிழ்களை மட்டும் விட்டுவைப்பார்கள். நழுவாமல் இருக்க அதுவே போதும். எத்தனை விடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, கையில் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, அளவு பொருந்தினாலும் துண்டுகள் பொருந்தாத இடங்கள். குமிழ்களுக்கு நடுவே உள்ள சந்து எவ்வளவு? 8-இலிருந்து குமிழின் விட்டமான 4.8-ஐக் கழித்தால் 3.2. பிளேட்டின் தடிமன் 3.2. ஆகவே பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்திக் குமிழ்களுக்கு நடுவே செருகலாம் என்று கணக்கு சொல்கிறது. மென்பொருளும் தலையாட்டும். நிஜத்தில் அது இறுக்கமாகப் போய் மாட்டிக்கொண்டு, பிளேட்டையும் குமிழையும் அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படித் துண்டுகளை வருத்துகிற இணைப்புகளை ரசிகர்கள் ‘சட்டவிரோதம்’ என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். கஃபே கார்னரை வடிவமைத்த அதே ஜேமி பெரார்ட், 2006-இல் ஒரு ரசிகர் கூட்டத்தில் எந்த இணைப்பு துண்டை வருத்துகிறது என்று படம் போட்டு விளக்கினார். அந்தப் பேச்சின் படங்களை இன்றும் புதியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு அலமாரிக்காகக் கட்டுபவரை எந்தப் போலீஸும் பிடிக்காதுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து விரிசல் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

மூலைக் கட்டடங்களின் சாய்ந்த முகப்பில் இந்தச் சிக்கல் இன்னும் சுவாரசியமாகும். 45 பாகையில் ஒரு சுவரை வைக்க வேண்டும் என்று வையுங்கள். கீல் ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்து நடுவே சுவரை மாட்டுவோம். பக்கத்துக்கு 5 குமிழ் என்றால் மூலைவிட்டம் 7.07 குமிழ். ஏழு குமிழ்ச் சுவர் போட்டால் அரை மி.மீ.க்குச் சற்று மேல் இழுக்கும். பக்கத்துக்கு 12 குமிழ் என்றால் மூலைவிட்டம் 16.97, பதினேழு குமிழ்ச் சுவருக்குப் பிழை கால் மி.மீ.கூட இல்லை, நீளமும் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் அந்தப் பிழை சுவரில் பரவிக் காணாமல் போகும். 45 பாகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால் பள்ளியில் படித்த 3-4-5 முக்கோணம் இருக்கிறது. மூன்று குமிழ் அந்தப் பக்கம், நான்கு குமிழ் இந்தப் பக்கம், ஐந்து குமிழ்ச் சுவர், பிழையே கிடையாது. 5-12-13-உம் அப்படியே. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த நீளங்களைக் கீலின் அச்சிலிருந்து அச்சுக்கு அளக்க வேண்டும், சுவரின் ஓரத்திலிருந்து அளந்தால் எல்லாம் தப்பாகும். திரையில் கீலை மவுஸால் திருகிக் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற இடத்தில் விட்டுவிடுவது பெரிய ஆபத்து. 36.5 பாகையும் 36.87 பாகையும் படத்தில் ஒன்றாகவே தெரியும். கோணத்தை எண்ணாகவே தட்டச்சு செய்யுங்கள்.

மூன்றாவது, நிறம். மென்பொருளில் எந்தத் துண்டுக்கும் எந்த நிறத்தையும் பூசலாம். தொழிற்சாலை அப்படி வார்ப்பதில்லை. ஒரு துண்டு சிவப்பிலும் வெள்ளையிலும் கொட்டிக் கிடக்கும், மங்கிய பச்சையில் எங்கேயோ ஒரு தொகுப்பில் மட்டும் வந்திருக்கும், இளநீலத்தில் வந்தே இருக்காது. 2008-இல் வந்த ‘கிரீன் குரோசர்’ கட்டடத்தின் மங்கிய பச்சைச் சுவரைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பிறகு அந்தக் கட்டைகளைத் தேடி அலைந்த கதை ரசிகர்கள் மத்தியில் பிரபலம். ஸ்டூடியோவில் ஒரு துண்டு எந்தெந்த நிறங்களில் வந்திருக்கிறது என்று பார்க்கலாம். கிடைக்காத நிறத்தில் வைத்திருந்தால் எச்சரிக்கவும் செய்யும். அந்த வடிகட்டியை முதல் நாளே போட்டுவிடுங்கள். கட்டடம் முழுவதும் முடித்துவிட்டுக் கடைசியில் போட்டால் எச்சரிக்கைகள் அம்மைபோலப் பூத்துக் கிடக்கும்.

வந்திருக்கிறது என்பதாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இருபது ஆண்டுக்கு முன் ஒரு முறை வார்த்த துண்டு சந்தையில் நான்கைந்து கடைகளில் ஒன்றிரண்டுதான் இருக்கும். பழைய அடர்சிவப்பு, பழுப்புத் துண்டுகள் நொறுங்குவதற்குப் பேர்போனவை. அழுத்திய உடனே இரண்டாகும். சுவருக்கு அந்த நிறம் வேண்டுமென்றால் புதிய வார்ப்பைப் பார்த்து வாங்குவது நல்லது. வெளியே தெரியாத உள்சுவர், தரையடி, கூரையின் உள்பக்கம் எல்லாம் எந்த நிறமாக இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை, அங்கே கிடைப்பதைப் போடலாம். துண்டுப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தாலே சில விஷயங்கள் கண்ணில் படும். ஒரு குமிழ்க் கட்டை முந்நூறு என்று இருந்தால், நகலெடுத்து ஒட்டிய அவசரத்தில் நீளக் கட்டை போட வேண்டிய இடத்திலெல்லாம் சின்னதைப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அவற்றை நான்கு, ஆறு, எட்டு நீளமாக மாற்றினால் துண்டுகள் குறையும், சுவரும் உறுதியாகும்.

மென்பொருளே ஒளிபோட்டு எடுத்துத் தரும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகாக இருக்கும். மாலை வெயில், ஜன்னல் வெளிச்சம், பிளாஸ்டிக் பளபளப்பு எல்லாம் வரும். ஒரு வடிவமைப்பைப் பிறருக்குக் காட்ட அது போதும். அது நிற்குமா என்பதற்கு அந்தப் படம் சாட்சி சொல்லாது.

உண்மையான சாட்சி செய்முறைப் படிகள்தான். ஸ்டூடியோவில் கட்டடத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கட்டும் குறிப்பேடு தயாரிக்கலாம். யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்றாலும் இதைச் செய்து பாருங்கள் என்பேன், ஏனென்றால் மென்பொருளுக்கு முதன்முதலாகக் காலம் என்ற ஒன்று அங்கேதான் நுழைகிறது. வடிவமைக்கும்போது எந்தக் கட்டையை முதலில் வைத்தோம் என்பது முக்கியமே இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே இருந்தன. படிகளாகப் பிரிக்கும்போதுதான், இந்த விளக்கைச் சுவருக்கு உள்ளே மாட்ட வேண்டும், ஆனால் அதற்குள் கூரை மூடிவிட்டது என்பது தெரியும். சில துண்டுகளைக் கீழேயிருந்து அழுத்த வேண்டியிருக்கும், ஆனால் கீழே அடித்தட்டு ஒட்டிக்கிடக்கும். சில இடங்களில் ஒரு துண்டை வைக்க வேண்டுமானால் அதன் இரண்டு பக்கத்துத் துண்டுகளும் இன்னும் வராமல் இருக்க வேண்டும், அவை நிற்க இந்தத் துண்டு வந்திருக்க வேண்டும். இப்படி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியைத் தனியாக மேசையில் கட்டி, பிறகு மொத்தமாகச் சுவரில் மாட்டுகிற மாதிரி மாற்ற வேண்டியதுதான். தானாகவே படிகளைப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. இந்த வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் யோசிக்கும் வேலையை அது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சந்தேகம் உள்ள பகுதியை மட்டும், பால்கனியையோ சாய்ந்த முகப்பையோ, கையில் இருக்கிற எந்த நிறக் கட்டையிலாவது கட்டிப் பாருங்கள். வானவில் மாதிரி அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு விரலால் தட்டிப் பாருங்கள், மேலே தூக்கிப் பாருங்கள், தலைகீழாகப் பிடியுங்கள். விழுந்த துண்டுகளை எண்ணிக்கொண்டு திரும்பவும் கோப்பைத் திறக்க வேண்டியதுதான். பழைய கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள். மூன்றாவது திருத்தத்தில் முதல் வடிவமே மேல் என்று தோன்றுவது சகஜம்.